துரே மலையின் உயரம்

கிழக்குத் தேஜோனில் தேசிக் நடத்திய கோழி வறுவல் கடைக்கு அன்று மதியம் வந்தவர்கள் இரண்டே பேர். அதிலும் ஒருவர் வழி கேட்க வந்தவர்.

தேசிக்கின் மூளையைக் குறை சொல்ல ஆளில்லை. பள்ளியில் முதல், மாவட்டத்தில் முதல், சோல் நகரத்தில் பெரிய படிப்பு, பிறகு சிப் செய்யும் கம்பெனியில் இருபத்து நான்கு வருடம் பொறியாளர். ஐம்பது வயதில் கம்பெனி ஒரு கும்பிடு போட்டு வெளியே அனுப்பியதும், அந்த வயதில் வெளியே வரும் எல்லாரையும் போல அவரும் கோழிக்கடை வைத்தார். எண்ணெயின் சூடு ஒரு டிகிரி பிசகாது. தெருவிலேயே நல்ல கோழி அவருடையதுதான் என்று அவர் மனைவி ஜோங்ரிம் சத்தியம் செய்வாள். பக்கத்துக் கடை பொங்சுன் பாதி நாள் கருக்கித்தான் போடுவாள். கூட்டமோ அங்கேதான் அம்மியது.

எல்லாம் ஓர் எண்ணால் வந்த வினை. ஊரில் மலையேறும் சங்கம் ஒன்று இருக்கிறது, நாற்பது பேர். மாதத்தின் முதல் ஞாயிறு துரே மலை ஏறி இறங்கி, ஏதாவது ஒரு கடையில் சாயங்காலம் வரை தின்று குடிப்பார்கள். அவர்கள் உட்காரும் கடைக்கே மற்ற சங்கங்களும் வரும். வசந்தத்தில் அவர்கள் தேசிக் கடையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் பியோ கோப்பையைத் தூக்கி, "எழுநூறு மீட்டரு மலையை மாசா மாசம் ஏறுற காலுங்க இது!" என்றார்.

தட்டு வைக்க வந்த தேசிக், "அறுநூத்திப் பன்னெண்டு" என்றார்.

"ஏறிப் பாத்தா எழுநூறு தெரியும், முதலாளி" என்று பியோ சிரித்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். மனுஷன் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து மேஜை மேஜையாகக் காட்டினார். அடுத்த மாதம் சங்கம் பொங்சுன் கடைக்குப் போய்விட்டது. இதோ, இலையுதிர் காலமே வந்துவிட்டது.

"நான் சொன்னதுல என்ன தப்பு?" என்று தேசிக் நூறாவது முறையாகக் கேட்டார்.

"தப்பே இல்ல. அதான் வயித்தெரிச்சல்" என்றாள் ஜோங்ரிம்.

மாதக் கடைசியில் கடையின் குத்தகை முடிகிறது. மூடிவிடலாம் என்று அவர் இரண்டு பக்கம் காரணம் எழுதி வைத்திருந்தார். அவள் அதைப் படிக்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை நாமளும் சங்கத்தோட மலை ஏறறோம். நாலு கோழி பொரிங்க, நீங்கதான் சுமக்கணும்."

"என் முட்டி..."

"எனக்கும் முட்டி இருக்கு. நீங்க மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம். வாயை மட்டும் மூடிட்டு வாங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பேசாம இருக்கச் சொல்றேன். இருபத்தாறு வருஷமா நான் அதைத்தானே செய்யறேன்?"

ஞாயிறு ஏறினார்கள். பாதி வழியில் அவள் முட்டி வீங்கிவிட்டது. தேசிக் திரும்பலாம் என்றார். அவள் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தாள்.

உச்சியில் ஆளுயரக் கல். மலையின் பெயரும், கீழே அதன் உயரமும் செதுக்கியிருந்தது: 612. ஜோங்ரிமுக்குப் பகீரென்றது. கல்லோடு படம் எடுக்காமல் யாரும் இறங்க மாட்டார்கள். பியோ போய் எண்ணுக்கு நேராக அகலமாக நின்றார். கைபேசியை தேசிக்கிடம் நீட்டி, "முதலாளி, நீங்களே எடுங்க" என்றார்.

நாற்பது பேரும் கப்சிப். வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். தேசிக் கைபேசிக்குள் பார்த்தார், கல்லைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தலைவரே, இந்தப் பக்கம் ஒரு அடி தள்ளி நில்லுங்க" என்றார் தேசிக். "ஆறு தெரியுது."

ஒரு கணம் யாரும் மூச்சு விடவில்லை. முதலில் சிரித்தவர் பியோதான். தொப்பை குலுங்கச் சிரித்தபடியே ஓர் அடி தள்ளி நின்றார். "எல்லாரும் கேட்டுக்குங்க, இறங்கினதும் இவர் கடைதான்!" என்று கத்தினார். ஜோங்ரிமுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பிழைத்தோம் என்ற சந்தோஷம் பாதி. ஒரு கணக்கைக்கூட வளைக்காத மனுஷனை வளைக்க வைத்துவிட்டோமே என்ற வலி மீதி.

இறங்கும்போது அவர் அவள் காதருகே வந்து, "ஆனா அறுநூத்திப் பன்னெண்டுதான்" என்றார்.

"தெரியும். எல்லாருக்கும்தான் தெரியும்."

"எல்லாருக்குமா?"

"மாசா மாசம் அந்தக் கல்லுக்கு முன்னாடி நிக்கறவங்க. படிக்கத் தெரியாதா அவங்களுக்கு?"

தேசிக் படியிலேயே நின்றுவிட்டார். எதிலும் முதலாவதாக வந்தவர் அவர். நாற்பது பேர் வருடக்கணக்காகத் தெரிந்து வைத்திருந்ததை இப்போதுதான், எல்லாருக்கும் கடைசியாக, தெரிந்துகொண்டார். முகம் சிறுத்துப் போயிருந்தது.

"நடங்க" என்று அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் வீங்கிய காலை வைத்தாள். "அவங்களுக்கு முன்னாடி போய் எண்ணெய் காய வைக்கணும்."