மூன்றாம் பெட்டியில் கிடைத்த கையுறை

கட்டைவிரல் மட்டும் உள்ளே போக மாட்டேன் என்றது. மற்ற நான்கு விரல்களையும் சிவப்புக் கம்பளிக் கையுறைக்குள் எப்படியோ நுழைத்துவிட்டாள் தங்கை. அக்கா உயிரோடு இருக்கும்போது பிடித்த பிடியை விடாதவள். இப்போது அவளுடைய கட்டைவிரலும் அப்படித்தான் நின்றது.

"நீங்க விடுங்கம்மா, நான் பாக்குறேன்" என்றார் அடக்க ஏற்பாடுகளைச் செய்ய வந்திருந்தவர். குளிர்ந்த கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, அவசரமே இல்லாமல் தடவித் தடவி, கட்டைவிரலை உள்ளே தள்ளினார். பிறகு அடுத்த கைக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இன்னொண்ணு எங்கம்மா?"

"ஒண்ணுதாங்க இருக்கு."

அவர் எத்தனையோ வீடுகளைப் பார்த்தவர். தலையை ஆட்டிக்கொண்டு, சவப்பெட்டியின் துணியைச் சரிசெய்யப் போய்விட்டார். கட்டிலருகே முக்காலியில் ஏறி நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த ஆறு வயது மகள்தான் விடவில்லை.

"பெரியம்மாவுக்கு ரெண்டு கையும்தானே ஜில்லுனு இருக்கு?"

"ஆமாண்டா பொட்டலம்" என்றாள் அவள் அம்மா.

பொட்டலம் என்று பெயர் வைத்தது பெரியம்மாதான். பிறந்த மறுநாள் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, "இந்தப் பொட்டலத்தைக் கேட்டு யாரும் வரலைன்னா நானே வச்சுக்குவேன்" என்றாளாம். அவள் வேலை பார்த்த இடம் அப்படிப்பட்டது. ரயில் நிலையத்தில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களைப் பாதுகாக்கும் அறை. வந்து சேரும் ஒவ்வொன்றுக்கும் பழுப்பு அட்டையில் சீட்டு எழுதி நூலால் கட்டுவாள். பொருள், கிடைத்த இடம், தேதி, வாங்கியவர் என்று நான்கு வரிகள். தொண்ணூறு நாள் கெடு. அதற்குள் யாரும் வராவிட்டால் அப்புறப்படுத்திவிட வேண்டும். இருபத்தாறு வருடம் அந்த அறையில் இருந்தவள், அங்கிருந்து புறப்படும் எந்த வண்டியிலும் ஊர் பார்க்க ஏறியதில்லை. ஆனால் எல்லா ஊரும் தெரியும் அவளுக்கு. கடலோரத்திலிருந்து வரும் வண்டிகளில் குடையும் ஒற்றைச் செருப்பும் வரும், மலையிலிருந்து வருவதில் கையுறையும் தொப்பியும் வரும் என்பாள். போய்ப் பார்த்தவர்கள்கூட அவ்வளவு சொல்வதில்லை.

போன கிறிஸ்துமசுக்கே எங்காவது வெளியூர் போயிருக்க வேண்டியது. அக்கா, தங்கை, குழந்தை மூவருமாக. குழந்தையின் அப்பா கப்பலில் சமையல்காரர், எப்படியும் தண்ணீர்மேல்தான் இருப்பார். அக்கா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தொப்பிகூட வாங்கி வைத்திருந்தாள். தங்கையால்தான் கெட்டது. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் உட்காரும் வேலை அவளுக்கு. வருகிறவர்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பதும், குறித்த நாளைத் தள்ளிப்போடுவதும்தான் அந்த வேலை. பதினோரு வருடத்தில் அது அவள் நாக்கிலேயே ஊறிவிட்டது. கூட வேலை செய்தவள் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறேன் என்று நின்றதும், "நாம அடுத்த கிறிஸ்துமசுக்குப் போலாம்கா" என்று சொல்லிவிட்டாள். அக்காவும் சரி என்றுவிட்டாள். அடுத்த கிறிஸ்துமஸ் சொன்னபடி வந்துவிட்டது. அக்கா மட்டும் செப்டம்பர் கடைசியில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

படுத்த முதல் வாரத்திலேயே அக்கா ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டாள். "இந்தத் தடவை நான் இருந்தாலும் இல்லாட்டியும் பொட்டலத்தைக் கூட்டிட்டுப் போற. எங்கேன்னு அவ சொல்லணும். நீ சொல்லக்கூடாது. தள்ளியும் போடக்கூடாது."

"சரிக்கா."

"உன் சரியைப் பத்தி எனக்குத் தெரியும்" என்று சிரித்தாள் அக்கா.

ஜன்னல் கட்டையில் மூன்று பொருட்கள் வந்து உட்கார்ந்தன. தீப்பெட்டிக்குள் ஒரு சிப்பி. அது கடல். ஒரு கொம்பு உடைந்த மர மான் பொம்மை. அது காடு. இரண்டையும் யாரும் கேட்டு வராததால் அவள் என்றோ எடுத்து வந்திருந்தாள். மூன்றாவது, சிவப்புக் கையுறை. அது பனிமலை. செப்டம்பர் இருபத்தாறாம் தேதி அவள் கடைசியாக வேலைக்குப் போன அன்று மலை ரயிலின் மூன்றாம் பெட்டியில் கிடைத்தது. அவள் எழுதிய கடைசிச் சீட்டு அதில்தான் கட்டியிருந்தது. கெடு முடியாத பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்தது அவள் வாழ்க்கையில் அந்த ஒரே தடவை.

பள்ளிவிட்டதும் பொட்டலம் நேரே அங்கேதான் வருவாள். கட்டிலில் ஏறிப் பெரியம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒன்றைக் கையில் எடுப்பாள். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு கூட்டிப் போவாள்.

"சிப்பியா? சரி, காலைல ஏழு மணி வண்டி. ஜன்னல் பக்கம் உக்காரு. முதல்ல வீடெல்லாம் போகும். அப்புறம் வீடு குறையும். அப்புறம் காத்துல உப்பு வாசம் வரும் பாரு, அப்ப எழுந்திரிச்சுச் செருப்பை எண்ணிக்கணும். அங்கதான் எல்லாரும் தொலைப்பாங்க."

"மலைக்குப் போனா?"

"மலைல வண்டி மெதுவாத்தான் ஏறும். நடுவுல மேகம் உள்ளே வந்துடும். எதிர்ல இருக்கிற ஆளே தெரியாது. பயப்படாம அப்படியே உக்காந்திருந்தா, கொஞ்ச நேரத்துல அதுவா விலகும்."

வேலை முடிந்து வரும் தங்கை, கைப்பையைக்கூடக் கழற்றாமல் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அசதியில் கண் சொருகும். மருந்து வாடையும் துவைத்த துணியின் ஈரமும் உள்ள அந்தச் சின்ன அறை மெல்ல நகர்வது போல இருக்கும். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர் பின்னால் போகும். கூரையில் ஒழுகிக் கறைபட்ட இடத்தில் பனி இறங்கும். ஒருநாள் அவள் விழாமலிருக்கக் கதவுப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான், வீடு எங்கும் போகவில்லை என்பது உறைத்தது.

பொட்டலத்தால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. திங்கட்கிழமை கடல், செவ்வாய்க்கிழமை மான். பெரியம்மா அவசரப்படுத்தவே இல்லை. "கையுறைக்கு மட்டும் கிறிஸ்துமஸோட கெடு முடியுது. மத்தது ரெண்டும் காத்திருக்கும்" என்பாள்.

நேற்றுக் காலையில் பல் மருத்துவர் அழைத்தார். பண்டிகைக்கு முன்னால் பல்லைச் சரிசெய்துகொள்ள ஊரே கிளம்பி வந்துவிட்டதாம், எல்லோருக்கும் நாள் மாற்றிச் சொல்ல ஆளில்லை, ஒரு மணி நேரம் வந்தால் போதும் என்றார். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் இருந்தாள். விடுமுறை என்பதால் குழந்தையும் இருந்தாள். தங்கை போனாள். "அடுத்த வாரம் வியாழக்கிழமை உங்களுக்கு வசதிப்படுமா?" என்று யாரோ ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் நர்ஸின் அழைப்பு வந்தது.

திரும்பி ஓடி வந்தபோது அக்காவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஏதோ சொல்ல ஆரம்பித்து, பிறகு வேண்டாம் என்று நினைத்தவள் மாதிரி. பொட்டலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மாவின் வலது கைமேல் கையுறையைப் போர்வை போல் விரித்து வைத்திருந்தாள்.

"வெளியே கூட்டிட்டுப் போகப் பாத்தேன், வர மாட்டேன்னுட்டா" என்றாள் நர்ஸ்.

"நான் முடிவு பண்ணிட்டேம்மா" என்றது குழந்தை.

"என்னடா?"

"மலைக்குப் போறோம். பெரியம்மா கையைத் தொட்டுப் பாரு. ஒரு கைக்குத்தான் இருக்கு. இது கிடைச்ச இடத்துலதானே இன்னொண்ணும் இருக்கும்? மூணாவது பெட்டி. சீட்டுல இருக்கு."

"பெரியம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அப்படியான்னு கேட்டாங்க. அப்புறம் ஒண்ணும் சொல்லல."

தங்கை அழுதது அப்போதுதான். அக்காவின் கடைசி வார்த்தையைக் கேட்கத் தான் இல்லாமல் போனதற்காகவும், குழந்தை இருந்ததற்காகவும் சேர்த்து அழுதாள்.

இன்று இரண்டு மணிக்கு அடக்கம். பெட்டி தயாராகிக்கொண்டிருந்தது. சமையலறையில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் அண்ணன் வந்து நின்றான். மூவரில் மூத்தவன். எதற்கும் நாலு பேரைக் கலந்துகொள்ளாமல் பேச மாட்டான், அந்த நாலு பேர் எதிரில் இல்லாவிட்டாலும்.

"நாளன்னிக்கு எங்கேயோ மலைக்குப் போறீங்கன்னு குழந்தை சொல்லுது?"

"ஆமாண்ணா."

"அதுக்குள்ள மண்ணுகூடக் காயாதேம்மா. சாவு நடந்த வீட்ல கிறிஸ்துமஸ் சுற்றுலான்னா கேக்கிறவங்க மூக்குமேல விரல வைப்பாங்க."

"அக்காகிட்ட வாக்கு குடுத்திருக்கேன்."

"போக வேணாம்னா சொல்றேன்? ஜனவரில போங்க. லீவு முடியறதுக்குள்ள நானே கொண்டுபோய் விடுறேன். மலை எங்க ஓடிப்போகுது?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் தொல்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து அவள் உட்காரவே இல்லை. படுத்தால் போதும் என்றிருந்தது. 'சரிண்ணா, ஜனவரில பாத்துக்கலாம்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

வாசலில் பொட்டலம் நின்றிருந்தாள். கையில் பழுப்புச் சீட்டு.

"மாமா, ஜனவரில கெடு தாண்டிடும்."

"என்ன கெடுடா?"

"தொண்ணூறு நாள். கிறிஸ்துமஸோட முடியுது. அதுக்கப்புறம் அந்த இன்னொரு கையுறையைத் தூக்கிப் போட்டுடுவாங்க."

அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து அவள் கைபேசி அடித்தது. மருத்துவர்தான். ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். நிஜமாகவே வருந்தினார். பிறகு தொண்டையைச் செருமினார். இருபத்துநாலாம் தேதி காலையில் மட்டும் வந்துவிட்டுப் போக முடியுமா, வேறு நாளில் விடுமுறை எடுத்துக்கொள்ளலாமே என்றார்.

"இல்ல டாக்டர். அந்தத் தேதியை மாத்த முடியாது."

சொன்ன பிறகு, அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஆயிரம் பேர் அவளிடம் சொன்ன வாக்கியம். அவள் யாரிடமும் சொன்னதில்லை. குழாயை மூடினாள். அண்ணன் ஒரு துண்டை எடுத்து, அவள் கழுவி வைத்த கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தான்.

மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்க்கச் சொன்னார்கள். கையுறை போட்ட கை மேலே இருந்தது. மணிக்கட்டில் பழைய நூலால் அந்தச் சீட்டைக் கட்டியிருந்தாள் பொட்டலம். முதல் மூன்று வரிகள் அக்காவின் சாய்ந்த கையெழுத்து. கீழே, காலியாக இருந்த நான்காவது வரியில், பென்சிலால் கோணல்மாணலாக, வாங்கியவர்: பெரியம்மா.

ஏற்பாடு செய்பவர் சீட்டைப் பார்த்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார். அவிழ்க்கட்டுமா என்று கேட்கும் பார்வை. அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். அவர் சீட்டை மடங்காதபடி நேராக வைத்துவிட்டு மூடியைத் தூக்கினார்.

இருபத்துநாலாம் தேதி காலை வண்டி கூட்டமாக இருந்தது. நடைமேடை முழுக்கப் பெட்டிகளும் பரிசுப் பொட்டலங்களும். அக்காவின் அறையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. கதவு பூட்டியிருந்தது. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் குடைகள் வரிசையாகத் தொங்கின. யாரோ ஒரு காகித நட்சத்திரத்தை அதில் ஒரு குடையின் கைப்பிடியில் மாட்டியிருந்தார்கள். பொட்டலம் அதற்குக் கையசைத்தாள். தங்கையும் என்னவோ தோன்றிக் கையசைத்தாள்.

மூன்றாம் பெட்டி. இடம் பிடித்து உட்கார்ந்து, வண்டி நகர்ந்து, வீடுகள் குறைந்து, சக்கரங்களின் சத்தம் மாறி மலை ஏற ஆரம்பித்தது. வெளியே வெள்ளையாக ஏதோ இறங்கியது. மேகமா பனியா தெரியவில்லை. ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற அந்த வெளுப்பில் பெட்டிக்குள் எல்லோருடைய முகமும் தூக்கத்தில் பார்ப்பது போல மங்கலாக இருந்தது. எதிரில் அக்கா உட்கார்ந்திருந்தால்கூடத் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள் தங்கை. பயமாக இல்லை.

திரும்பிப் பார்த்தால் குழந்தையைக் காணோம். பெட்டியின் கோடியில், தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு இருக்கைக்கும் அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா தொலைச்சுட்டே?" என்றார் ஒருவர்.

"நான் தொலைக்கல. பெரியம்மாவோடது" என்றது குழந்தை. "சிவப்புக் கையுறை. இடது கை."

மூன்று மாதத்தில் இந்தப் பெட்டியை எத்தனை முறை பெருக்கியிருப்பார்கள் என்று தங்கைக்குத் தெரியும். எழுந்து போய் அவளைத் தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும். எழுந்தாள். கைப்பையை இருக்கையில் வைத்தாள். சால்வையை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டாள்.

"நீ அந்தப் பக்கத்துலேர்ந்து வா" என்றாள். "நான் இந்தப் பக்கம் பாக்குறேன்."

அவள் முழங்காலிட்டுக் குனிய, பயணிகள் ஒருவர் பின் ஒருவராகக் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள்.