ஏனோக் விழுங்காத மாத்திரை

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் பின்புறம், கழிவுநீர் வரும் இடத்தில் ஒரு நீல டிரம்; உள்ளே மரத்தூளில் வளர்ந்த வெள்ளைக் காளான். நோயாளிகளின் உடம்பிலிருந்து தண்ணீரோடு வரும் மருந்துகளை அது தின்றுவிடும் என்று, பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் உள்ளூர்ப் பெண் மாயா வைத்தது. பம்ப் போடுவதும் காவலும் ஏனோக்.

ஏனோக்குக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டால் வயிறு, சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜ் மாதிரி தடதடவென்று இறங்கும். மனைவி பாக்கியவதியோ தினமும் டிபன் மூடியில் மாத்திரையை வைத்தனுப்புவாள். மூடி காலியாகத் திரும்ப வேண்டும். அவர் அதைத் தண்ணீரில் போட்டுவிடுவார். அதிலும் ஒரு தர்மம் உண்டு. நமக்கே ஒத்துக்கொள்ளாததைக் காளானுக்குக் கொடுப்பானேன் என்று, டிரம்மைத் தாண்டி, சுத்தமான தண்ணீர் வெளியேறும் தொட்டியில்தான் போடுவார். தன் இரக்கத்தைத் தானே மெச்சிக்கொள்வார்.

அன்று மாயா முகம் தொங்க வந்தாள். கையில் ப்ளீச்சிங் பவுடர் மூட்டை.

"உள்ள போற தண்ணியில சக்கரை மருந்து கொஞ்சம்தான் அங்கிள். வெளிய வர்றதுல நாலு மடங்கு! இன்னா இது, காளான் மாத்திரை கம்பெனி வெச்சிருக்குதா?"

ஏனோக் சிரித்தார். பிறகு டிபன் மூடியைப் பார்த்தார்.

"இப்ப இன்னாம்மா பண்ணுவ?"

"எங்க கைடு சாரு நிறுத்திட சொல்லிட்டாரு. இத கொட்டி காளான கொன்னுட்டு, டிரம்ம அனுப்பணும். என் ரெண்டு வருஷம் போச்சு."

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்த சபைச் சுவர் போல டிரம்முக்குள் பளிச்சென்று இருந்தது காளான். செய்யாத குற்றத்துக்கு அதற்குத் தூக்கு. குற்றவாளி ஸ்டூலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் "நான் பாவி" என்று சொல்வது சுலபம். எந்தப் பாவம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

மாயா மூட்டையைப் பிரித்தாள். ஏனோக் டிபன் மூடியை நீட்டினார். அன்றைய மாத்திரை அதில் இருந்தது.

"அந்தக் கம்பெனி நான்தான் மாயாம்மா. தெனமும் அந்தக் கடைசித் தொட்டியில போட்டுடுவேன்."

மாயா தொட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"போட்டது போட்டீங்க, டிரம்முக்குள்ள போடக்கூடாதா? அது தின்னுருக்குமே!"

"அதுக்கு வயிறு வலிக்குமேன்னு..."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

"இத நீங்களே சாருக்கு போன்ல சொல்லணும்."

"சொல்றேம்மா."

"பாக்கியா ஆன்ட்டிக்கும்."

"சாரோட நிறுத்திக்கலாமே?"

பதிலுக்குத் தண்ணீர் பாட்டில் வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்க, மாத்திரை உள்ளே போனது. டிரம் பக்கம் திரும்பத்தான் ஏனோக்குக்கு முகம் இல்லை.