குசினிக்குள் போன போத்தல்

கரோலினாவின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பிரான்சிலிருந்து ஒரு பெட்டி சாம்பெயின் கொண்டுவந்திருந்தார்கள். சொந்தத் திராட்சைத் தோட்டம், சொந்த நிலவறை, பரம்பரைத் தொழில். விழா நடக்கிற புருசெத் மண்டபத்து மேசையில் இருந்த போத்தலை எடுத்துக் கரோலினாவின் தாய்மாமன் சூசைரட்ணம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சும்மா வருகிற எதையும் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"உதில என்ன எழுதிக்கிடக்கு, பிள்ளை?"

"'வெவ் மார்சொலே', மாமா. விதவை மார்சொலே எண்டு அர்த்தம். அதுதான் அவையின்ர கொம்பனிப் பேர்," என்றாள் கரோலினா.

"நல்ல காரியம் நடக்கிற மேசையிலையோ? விசரே உவையளுக்கு?"

பெட்டியோடு தூக்கிக்கொண்டுபோய்க் குசினியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தார்.

அங்கே அவருடைய தங்கச்சி புளோறன்ஸ் கட்லட் பொரித்துக்கொண்டு நின்றாள். கரோலினாவின் தாய். புருசன் அருள்தாஸ் செத்த நாளிலிருந்து எந்த நல்ல காரியத்திலும் அவளுக்குக் குசினிதான் இடம். ஒருவரும் போ என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. இன்றைக்குக் குத்துவிளக்கு ஏற்ற ஆள் பிடித்தவர் சூசைரட்ணம். முதல் திரி மாப்பிள்ளையின் தாய்க்கு, மற்றவை சோடி சோடியாக வந்தவர்களுக்கு. பெற்ற மகளின் விளக்கில் புளோறன்ஸுக்கு ஒரு திரி இல்லை.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் தாய் மட்லேன், கரோலினாவையும் இழுத்துக்கொண்டு குசினிக்குள் வந்துவிட்டாள். போத்தல் எங்கே, பெண்ணின் தாய் எங்கே என்று கேட்டாள். இரண்டும் ஒரே இடத்தில்தான் கிடந்தன.

அங்கேயே நின்ற சூசைரட்ணம் மறைக்கவில்லை. "கேள் பிள்ளை, சாவைக் கொண்டுவந்து ஏன் போத்தலில ஒட்டினவை எண்டு."

மட்லேன் சிரித்தாள். அவள் சொல்லச் சொல்லக் கரோலினா தமிழில் சொன்னாள். அந்தக் காலத்தில் அவர்கள் நாட்டில் புருசன் சொல்லாமல் பெண்சாதி ஒரு வியாபாரம் செய்ய முடியாதாம். புருசன் செத்தால்தான் அவளுடைய கையெழுத்துக்கு மதிப்பு. மார்சொலே வீட்டுக்காரன் இளவயதிலேயே போய்விட்டான். நிலவறை நிறைய, நுரைத்து வெடிக்கிற போத்தல்கள். அவன் பெண்சாதி முகத்துக்குக் கம்பி மூடி போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். பாதி வெடித்தது. மிச்சத்தை விற்று அடுத்த தோட்டத்தையும் வாங்கினாள். சண்டைக் காலத்தில் குண்டுக்குப் பயந்த ஊர்ச்சனம் ஒதுங்கினதும் அதே நிலவறைக்குள்தான். விதவை என்ற சொல்லை அவள் பட்டம் மாதிரிப் போத்தலில் போட்டாள். அந்த ஊர்ப்பக்கம் அப்படிப் பேர் வைத்த கொம்பனிகள் இன்னும் இருக்கின்றனவாம்.

"எல்லாம் யாவாரக் கதை," என்றார் சூசைரட்ணம்.

"இல்லை மாமா. இப்ப கொம்பனியை நடத்திறதும் இவதான். இவவின்ர மனுசனும் செத்திட்டார்."

சூசைரட்ணத்துக்கு அது தெரியாது. மாப்பிள்ளையின் தகப்பன் வராததற்கு லீவு கிடைக்கவில்லையாக்கும் என்று தானே முடிவுகட்டி, ஒருவரையும் கேட்காமல் விட்டிருந்தார்.

புளோறன்ஸ் கரண்டியை வைத்தாள். "அப்ப அண்ணை, அவவையும் இஞ்சை கட்லட் பொரிக்க விடுவமோ?"

அவள் சத்தம் போடவில்லை. இத்தனை வருசத்தில் இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. இந்த நாட்டுக்கு வந்து ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு சின்னக் குசினியில் சமைக்கத் தொடங்கி, இன்று பக்கத்து ஊர் லோறென்ஸ்கூக் வரைக்கும் கலியாணச் சாப்பாடு அனுப்புகிறவள். சாப்பாடு ஏற்றுகிற வான் வண்டியில் இன்னும் 'அருள்தாஸ் கேட்டரிங்' என்றுதான் எழுதியிருக்கிறது. அருள்தாஸ் உயிரோடு இருந்த காலத்தில் தேத்தண்ணியே போடத் தெரியாதவர்.

சூசைரட்ணம் குனிந்து பெட்டியைத் தூக்கினார்.

"அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வா."

"எண்ணெய் மணக்குது அண்ணை."

"மணக்கட்டும். உன்ர உழைப்பு மணக்குது. அதுக்கென்ன?"

மண்டபத்தில் வரிசையாக நின்ற சோடிகளை ஒதுங்கச் சொன்னார். "முதல் திரி ரெண்டு தாய்மாருக்கும்." பின்னால் யாரோ குசுகுசுத்தார்கள். திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு குசுகுசுப்பு இல்லை. புளோறன்ஸ் எண்ணெய்க் கையைச் சீலையில் துடைத்தாள். மட்லேன் அந்தக் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து கொளுத்தினார்கள்.

போத்தல் மூடி வெடித்துக் கூரையில் பட்டது. சூசைரட்ணம் ஒரு வாய் குடித்து, "புளிக்குது," என்றார். என்றாலும் போத்தலின் பேர் சனத்துக்குத் தெரியும்படி திருப்பி வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"உது என்ன சாம்பெயின்?" என்று ஒருவர் கேட்டார்.

"விதவையின்ர. எங்கடை சம்பந்தி வீட்டுக் கொம்பனி." அதோடு விடவில்லை. "வானுக்குப் பேர் எழுதிற ஆள் ஆரையும் தெரியுமோ? 'புளோறன்ஸ் கேட்டரிங்' எண்டு எழுத வேணும். பெரிசா."