நாத்தனார் படித்த இத்தாலியன்

எங்கள் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். சூடு உருளையிலிருந்து வெந்துபோய் இறங்கும் விரிப்பின் இரண்டு முனைகளை நான் பிடிப்பேன், எதிர்முனைகளை என் நாத்தனார் பிடிப்பாள். உதற வேண்டும், இழுக்க வேண்டும், ஒரு மடிப்பு மடிக்க வேண்டும், பிறகு இருவரும் நடந்துவந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும், இன்னொரு மடிப்பு, அப்புறம் அடுக்கில் வைக்க வேண்டும். நாள் முழுக்க இதேதான். எந்தெந்த ஊர்க்காரனோ விடுதியில் புரண்டு எழுந்ததை நாங்கள் மடித்துக்கொண்டிருப்போம். கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருந்த வாய்க்கு அவள் இத்தாலியனைக் கொண்டுவந்தாள்.

முதலில் நான் திட்டத்தான் செய்தேன். தமிழிலேயே நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாய், உனக்கு எதற்கடி இந்த வேலை என்று கேட்டேன். கேட்டேனே தவிர, எதற்கென்று எனக்குத் தெரியாதா என்ன?

அவளுக்கு ஒரே மகள். நாலு வயதில் அப்பன் இத்தாலிக்குக் கூட்டிப்போனான். மாப்பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்த மனிதன் என்றே சொல்கிறேன். குழந்தைக்குக் காகிதம் வந்துவிட்டது, உனக்கு அடுத்த வருஷம் வரும் என்றான். அடுத்த வருஷம் அடுத்த வருஷமாகவே தள்ளிக்கொண்டு போனது. நடுவில் அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். என் வீட்டுக்காரர் தங்கையை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்து, நான் வேலை செய்யும் இடத்திலேயே சேர்த்தும் விட்டார். குழந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வந்தது. முதலில் தமிழ் பேசியது, பிறகு கலந்து பேசியது, அப்புறம் அம்மா என்ற ஒரு சொல்லைத் தவிர எல்லாம் இத்தாலியன் ஆகிவிட்டது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பான். அது மூச்சுவிடாமல் எவ்வளவோ பேசும். இவன், "நல்லா இருக்காளாம்" என்பான். அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு.

போன வருஷக் கடைசியில் நாத்தனார் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். என் பெண்ணை என்னிடம் அனுப்பு என்றாள். அவன் நிதானமாகப் பதில் சொன்னான்.

"அவளா தன் வாயால வர்றேன்னு சொல்லட்டும். லீவு விட்டதும் நானே கொண்டுவந்து விடுறேன், உன்கூடவே இருக்கட்டும். வரலைன்னு சொல்லிட்டா அதோட விட்டுடணும். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

சரி என்று ஒத்துக்கொண்டுவிட்டாள் பைத்தியக்காரி. ஆனால் அந்தக் கேள்வியை அவன் வாய் வழியாகக் கேட்கமாட்டேன், நானே அவள் பாஷையில் கேட்பேன், அதுவரைக்கும் பொறு என்றாள். பாலுக்குப் பூனையைக் காவல் வைக்க அவளுக்கு இஷ்டமில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் அவள் பக்கம்தான்.

சைக்கிள் கடை மாடியில் ஒரு பெரியவர் இருந்தார். இத்தாலியக் கப்பலில் சமையல் செய்து ஓய்வு பெற்றவர், கப்பல்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். இத்தாலியன் சொல்லித் தருகிறேன் என்று பலகை மாட்டியிருந்தார். அவரிடம் போய்ச் சேர்ந்தாள். அவர் வழி தனி வழி. இத்தாலியனில் வினைகள் இரண்டு ஜாதியாம். சொன்ன பேச்சு கேட்கிற வினை, அடங்காத வினை. சொன்ன பேச்சு கேட்பதில் மூன்று வகை, வால் ஆரே, ஏரே, ஈரே என்று முடியும். வாலை வெட்டிவிட்டு ஆளுக்குத் தகுந்த புது வாலை ஒட்ட வேண்டும். நான், நீ, அவள், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறு பேருக்கு ஆறு வால். அடங்காதவை பிற்பாடு என்று சொல்லிவிட்டார். போ, வா, இரு, கொடு, செய் எல்லாமே அடங்காத பட்டியல். ஒரு குடும்பத்தில் புழங்குகிற சொல் பூராவும் அடங்காதது என்றால் அவர்கள் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்களோ! ஆக, குழந்தையிடம் வா என்று சொல்ல இவளுக்குத் தெரியாது. பேசு, தூங்கு, காத்திரு, திரும்பு, இவைதான் தெரியும்.

பாடத்தை உருப்போட்டதெல்லாம் விரிப்பு மடிக்கும் இடத்தில்தான். உதறும்போது நான் "நான்" என்பேன், அவள் வாலை ஒட்டிச் சொல்வாள். இழுக்கும்போது நீ. முதல் மடிப்புக்கு அவள். நடந்துவந்து சேரும்போது நாம். அடுத்த மடிப்புக்கு நீங்கள், அடுக்கில் வைக்கும்போது அவர்கள். திரும்பு என்றால், தோர்னோ, தோர்னி, தோர்னா, தோர்னியாமோ, தோர்னாத்தே, தோர்னானோ. ஒரு விரிப்பு முடிந்தால் ஒரு காலம் முடியும். திரும்புகிறேன் முடிந்து, திரும்பிக்கொண்டிருந்தேன் முடிந்து, திரும்புவேனுக்கு வந்தோம். சூப்பர்வைசர் எங்களை முறைத்துப் பார்ப்பார். வேலை முன்பைவிட வேகமாக நடந்ததால் வாயைத் திறக்கவில்லை.

காலம் முடிந்ததும் மனநிலை என்று ஒன்று ஆரம்பித்தது. நடந்தது, நடக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல ஒரு வால், நடந்தால் தேவலை என்பதற்கு வேறு வால், இப்படி இருந்தால் அப்படிச் செய்வேன் என்பதற்கு இன்னொரு வால், அதட்டிச் சொல்வதற்கு ஒரு வால். ஆசைப்படுவதற்குக்கூடத் தனி வால் வைத்திருக்கிறார்கள் புண்ணியவான்கள். அதில் நான், நீ, அவள் மூன்றுக்கும் ஒரே சொல்தான், தோர்னி, தோர்னி, தோர்னி. ஆசை என்று வந்துவிட்டால் ஆள் வித்தியாசம் இல்லை போலிருக்கிறது என்றேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

இப்படிப் படித்ததில் ஒரு கோளாறு ஒட்டிக்கொண்டது. வாய்ப்பாட்டை ஒப்பித்த பிள்ளையிடம் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால், ஓரெட்டு எட்டிலிருந்து ஓடிவருமே, அந்தக் கதை. தனியாக ஒரு சொல் அவள் வாயில் வராது. குழந்தையிடம் நீ நன்றாகத் தூங்குகிறாயா என்று கேட்க வேண்டுமென்றால், முதலில் தோர்மோ என்று உதறி, அப்புறம்தான் தோர்மி என்று இழுப்பாள். கையும் சேர்ந்து உதறும். இல்லாத விரிப்பைப் பிடித்துக்கொண்டு போன் முன்னால் நிற்பாள்.

குழந்தைக்கு அது ஒரே வேடிக்கை. முதல்நாள் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வாரம் தானே வாத்தியாராகிவிட்டது. அங்கிருந்து கை தட்டித் தட்டி நான், நீ, அவள் என்று இத்தாலியனில் கூப்பிடும். இவள் வால் ஒட்டுவாள். தப்பினால் இரண்டு பேரும் சிரிப்பார்கள். அவன் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒன்றுமில்லாமல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று. நன்றாக வேண்டும் அவனுக்கு என்று அடுப்படியில் நின்று வாய்விட்டே சொன்னேன்.

அந்த வாரங்களில் நாத்தனார் ஆளே மாறிப்போனாள். தன் அலமாரியில் பாதியைக் காலி செய்தாள். குளியலறைக் குவளையில் ஒரு சின்ன பல் துலக்கும் பிரஷ் வந்து நின்றது. பதினோரு வயசுப் பெண்ணுக்குக் கட்டில் எவ்வளவு நீளம் வேண்டும் அண்ணி என்று கேட்டாள். இலவு காத்த கிளி என்று என் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். எனக்குமே ஆசை வந்துவிட்டது, அதுதான் நிஜம்.

லீவு நெருங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். தலையைப் படிய வாரியிருந்தாள். திரையில் குழந்தை மட்டும் இருந்தது. அவன் குரல் ஓரத்திலிருந்து வந்தது.

"நீங்க ரெண்டு பேருமே பேசிக்குங்க. நான் வெளிய போறேன்."

கதவு சாத்தும் சத்தம் எங்கள் அடுப்படிவரை கேட்டது. அவன் அப்படி எழுந்து போனதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. எந்தப் பதில் வரும் என்று தெரிந்தவன்தானே அவ்வளவு தைரியமாக எழுந்து போவான்?

நாத்தனார் கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். உதறவில்லை. முதல் ஆளிலிருந்து ஓடிவரவும் இல்லை. நேராக அந்த ஒரு சொல்லுக்குப் போனாள். அதற்காகத் தனியாக எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"தோர்னெராய்? ஆ காஸா? தா மே?" திரும்புவாயா, வீட்டுக்கு, என்னிடம் என்று அர்த்தம்.

குழந்தை சிரிக்கவில்லை, கை தட்டவில்லை. குனிந்து தன் கையைப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து தமிழில் சொன்னது.

"அம்மா, நான் வரல. கோவிச்சுக்காத."

பிசிறில்லாத தமிழ். நாலு வயசில் இங்கே பேசியதைவிடத் திருத்தமான தமிழ். நாத்தனார் குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டு, ஏன் என்று இத்தாலியனில் கேட்டாள்.

"அம்மா, நான் வரல. கோவிச்சுக்காத."

அதே நிறுத்தம், அதே ஏற்ற இறக்கம். அந்தப் பெண்ணிடம் தமிழில் இருந்தது அது ஒன்றுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாத்தனார், பார்லா, பார்லா, என்று கெஞ்சினாள். பேசு, உன் பாஷையில் என்ன வேண்டுமானாலும் பேசு என்கிறாள். குழந்தை அழுதுகொண்டே மூன்றாம் முறையும் அதையே சொல்லிவிட்டு, போனை அணைத்துவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவனைத் திட்டினேன், கப்பல்காரரைத் திட்டினேன், பெற்றவளைக் கெஞ்சவிட்ட அந்தப் பச்சைமண்ணைக்கூடத் திட்டினேன். பேச்சு பேச்சாக இருக்க வேண்டும், இனி வாயைத் திறக்கவும் வழியில்லை. சிரித்து விளையாடிய பெண் வரவும் ஆசைப்படும் என்று நாங்களாகத்தான் கணக்குப் போட்டுக்கொண்டோம். கடைசியில் திட்ட ஆள் இல்லாமல் அடுப்பில் பொங்கிய பாலைத் திட்டினேன். நாத்தனார் எழுந்துபோய்க் குவளையிலிருந்த அந்தச் சின்ன பிரஷை எடுத்துக் கழுவி, மறுபடி அங்கேயே வைத்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வந்து சாப்பிட்டாள்.

மறுநாள் வேலைக்கு வந்தோம். முதல் விரிப்பு இறங்கியது. நான் "நான்" என்று எடுத்துக் கொடுக்கவில்லை. உதறினோம், இழுத்தோம், முதல் மடிப்பு ஆனது. நடந்துவந்து சேர்ந்தோம். முனையை என் கையில் கொடுக்க வேண்டியவள் கொடுக்கவில்லை. பிடித்தபடியே நின்றாள். பின்னால் உருளை அடுத்தடுத்த விரிப்பைத் துப்பிக்கொண்டிருந்தது. என்னம்மா அங்கே என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். விடும்மா, சின்னப் பிள்ளைதானே, அப்பன் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லியிருக்கும் என்று மெதுவாகச் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

"ஒரு தப்புகூட இல்ல அண்ணி. எத்தனை நாள் சொல்லிச் சொல்லிப் பாத்திருப்பா."