மாமனாரின் வெள்ளை நிழல்

தையல்காரி தன் முதல் கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோலைக் குளியலறையில் கழுவிக் கொடியில் மாட்டிய அன்று, அதில் இருந்த அவள் கணவனும் மாமனாரும் நெகட்டிவ் ஆகிப்போனார்கள். இருவருக்கும் கண்மணி வெளுத்தது, பல் கறுத்தது, நிழல் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகத் தரையில் விழுந்தது. உடம்புக்கு வேறு ஒன்றும் இல்லை. இருவரும் நன்றாகவே சாப்பிட்டார்கள்.

கேமரா பழைய சாமான் கடையில் வாங்கியது. ஃபிலிமை மாட்டவும் வெளிச்சத்தைக் கணிக்கவும், பட்டன் தைக்கிற பொறுமையோடு தானாகவே கற்றுக்கொண்டிருந்தாள். தாளில் அச்சிட்டால்தான் கறுப்பும் வெள்ளையும் பழையபடி இடம் மாறும்; அதை மட்டும் அவள் இன்னும் பழகவில்லை. இனி தள்ளிப்போட முடியாது. கணவன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தவர்கள் பாதி வெட்டிய தலையோடு எழுந்து போனார்கள். கடை ஈயடித்தது.

"என்னால உங்க பொழப்பே போச்சே," என்றாள்.

"நீ நிதானமா போடு. நான் எங்க போயிடப் போறேன்," என்று அவன் குளியலறைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான்.

முதல் தாளுக்கு வெளிச்சம் கூடிவிட்டது. வெளியே அவன் அடுப்புக்கரி ஆகிவிட்டான். அடுத்ததற்குக் குறைந்துவிட்டது, ஸ்டூல்தான் தெரிந்தது, இருமல் மட்டும் கேட்டது. அவள் கலங்கவில்லை. தாளைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு ஏறாமலிருக்க அந்த இடத்து வெளிச்சத்தை விரலால் மறைத்தாள். பிறகு சிவப்பு விளக்கின் கீழ், தட்டிலிருந்த மருந்துநீரில் தாளை மெல்ல ஆட்டினாள். முதலில் புருவம் வந்தது, அப்புறம் உதட்டுத் தழும்பு, அப்புறம் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அந்த வாய். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் முகத்தை இவ்வளவு நேரம் அவள் பார்த்ததே இல்லை. வெளியே அவன் பழையபடி ஆகி, கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஓய்வுபெற்ற கண்டக்டரான மாமனார் மட்டும் மறுத்துவிட்டார். அவருடைய நரைமுடி முழுவதும் கன்னங்கரேல் என்று ஆகியிருந்தது.

"எனக்கு அச்சு வேணாம்மா. முடியப் பாத்தியா?"

"பல்லு கறுப்பா இருக்கே மாமா."

"இருக்கறதே நாலு. அத யாரு பாக்குறா?"

அவருடைய நெகட்டிவைக் கீறல் படாமல் உறையிலிட்டு அவரிடமே கொடுத்துவிட்டாள்.

இப்போதெல்லாம் அவளிடம் படமெடுக்க வருகிறவர்கள், அச்சு வரும்வரை நெகட்டிவாக இருக்க வேண்டுமே என்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வருகிறார்கள். அவள் கைக்கு வந்த முகம் எதுவும் இதுவரை கெட்டதில்லை. பொழுது சாய்ந்து வெளிச்சம் போதாமல் போனால், மாமனாரின் நிழல் விழும் பக்கமாகத் தையல் மெஷினை நகர்த்திக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கிறாள்.