தீம் பார்க் பாஸில் காந்தா போட்ட கையெழுத்து

இரும்புலியூர் காந்தாவை லேசில் ஏமாற்ற முடியாது. ஜாக்கெட் துணியில் இரண்டு விரல் குறைந்தாலும் கடைக்காரனிடம் திரும்பிப் போய் நிற்கிற தையல்காரி. அப்பேர்ப்பட்டவளே அடுத்த வீட்டு சரிதா பேச்சில் விழுந்தாள் என்றால் என்னத்தைச் சொல்வது!

இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் சரிதா ஒரு பளபளக்கிற தாளோடு வந்தாள். ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலைப் பக்கத்து தீம் பார்க்கில் வருஷப் பாஸாம், குடும்பத்துக்கு நாலாயிரம். மூன்று தடவை போனால் போட்ட காசு வந்துவிடும், அதற்கப்புறம் எல்லாம் ஓசி, நாங்களே கட்டிவிட்டோம் என்றாள். அந்தக் கடைசி வார்த்தைதான் காந்தாவைச் சாய்த்தது. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் வாங்க அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

காந்தா அதோடு விட்டாளா? பம்மலில் இருக்கும் தங்கை எல்லம்மாவையும் இழுத்துப்போட்டாள். புருஷன் போனபிறகு தோல் பட்டறையில் கூலி வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள் அவள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கம்மலை அடகு வைத்துக் கட்டினாள். எல்லம்மாவின் விண்ணப்பத்தில் 'அறிமுகம் செய்தவர்' என்று ஓர் இடம் இருந்தது. பேங்கில் கணக்குத் தொடங்கினால் தெரிந்தவர் கையெழுத்துப் போடுவதில்லையா, அது மாதிரிதான் என்றாள் சரிதா. நம்மையும் ஒரு மனுஷியாக மதித்துக் கேட்கிறார்களே என்று காந்தா முழுப் பெயரையும் அழகாக எழுதிக் கொடுத்தாள்.

அப்புறம் ஆரம்பித்தது பேஜார். பாஸ் வீணாகிவிடுமே என்று மாதா மாதம் போனார்கள். போகாத மாதம் பணத்தைத் தொலைத்த மாதிரி இருந்தது. வாசலிலேயே புளியோதரைத் தூக்கை வாங்கி வைத்துவிடுவான் காவலாளி. உள்ளே நாலு இட்லி வாங்குகிற காசுக்குத் தாம்பரத்தில் பிரியாணியே சாப்பிடலாம். நைட்டியோடு தண்ணீரில் இறங்கக் கூடாது, வாடகை உடுப்புதான் போட வேண்டும், பையை வைக்க லாக்கருக்குத் தனியாக அழ வேண்டும். உள்ளே நுழைவது மட்டும்தான் ஓசி, கஷ்டகாலம்! ஓசியில்தானே வந்தோம், ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தால் என்ன என்று புருஷன் கோபுவும் பிள்ளைகளோடு சேர்ந்துகொள்வான். அரிசி டப்பாவில் மறுபடி காசு சேரவே இல்லை. எல்லம்மா அதுவரை இரண்டு தடவைதான் போயிருந்தாள். வட்டி கட்ட முடியாமல் மாசியில் கம்மல் மூழ்கிப்போனது. அப்போதும் அவள் அக்காவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

பங்குனியில் பாஸ் முடியப்போகிறதே என்று சரிதா, எல்லம்மா எல்லோருமாகக் கடைசியாக ஒரு தடவை போனார்கள். சரிதாவைப் பார்த்ததும் கவுண்டரில் இருந்தவன் எழுந்தே நின்றான். பதினோரு குடும்பம் சேர்த்துவிட்டீர்கள் மேடம், உங்களுக்கு வரப்போகிற வருஷமும் பாஸ் இலவசம், இன்னும் ஒரு குடும்பம் பிடித்தால் கிரைண்டர் என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

காந்தா சரிதாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "நீயும் பணம் கட்னேன்னுதானே சொன்ன, சரிதா?"

யார் கழுத்தையும் பிடித்துக் கட்டச் சொல்லவில்லையே, எல்லோரும் சந்தோஷமாகத்தானே வந்து போனோம் என்றாள் சரிதா. பாவி, கொஞ்சமாவது முகம் சுருங்க வேண்டுமே! காந்தா ஒரு பைசா வாங்காமல் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டைத்தான் அன்றைக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று காந்தா வாயெடுத்தாள். அதற்குள் கவுண்டர்காரன், பாஸைப் புதுப்பிக்கிறீர்களா என்று எல்லம்மாவின் பழைய விண்ணப்பத்தை எடுத்து அவள் முன்னால் வைத்திருந்தான். எல்லம்மா குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'அறிமுகம் செய்தவர்' என்ற இடத்தில் காந்தாவின் முழுப் பெயர் இருந்தது, கையெழுத்தோடு.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுடி" என்றாள் காந்தா.

எல்லம்மா கத்தவில்லை. கம்மல் இருந்த துளை தூர்ந்துவிடாமல் இருக்கக் காதில் செருகியிருந்த ஈர்க்குச்சியைத் தொட்டுக்கொண்டே கேட்டாள்.

"பரவால்லக்கா, மறைக்காம சொல்லு. என் கம்மலுக்கு உனுக்கு இன்னா குட்த்தாங்க?"