ஓரடி உயர்ந்த கலங்கல்

பிரம்மதேசத்துக்கு மேற்கே இருந்த அந்த ஊர் ஏரிக்குச் சவுரிராயன்தான் கம்புகட்டி. மதகைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்து மடை திருப்புவதும் அவன் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவன் கையால்தான் நெல் விளைந்தது. அவனுக்கென்று ஒரு குழி நிலமும் கிடையாது. ஏரியின் மேல்கரையில், தண்ணீர் வந்து தேங்கும் பக்கத்தில் சேரி. அங்கே அவனும் மனைவி லூர்துமேரியும் குடியிருந்தார்கள்.

1939 ஆனியில் விழுப்புரத்திலிருந்து ஓர் ஓவர்சியர் வந்தார். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலங்கல் சுவரை ஓரடி உயர்த்தத் திட்டம். ஊராரைக் கேட்டு எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். தண்டோரா ஊர்த்தெருவில் மட்டும் போட்டார்கள். கரைமேல் நாற்காலி போட்டு ஓவர்சியர் உட்கார, வயல்காரர்கள் ஒவ்வொருவராகச் சம்மதம் சொன்னார்கள். முதலில் சொன்னவர் சக்கரபாணி. ஏரிப் பாசனத்தில் கால்வாசி அவருடையது. யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ஓவர்சியர் கடைசியில் கேட்டு வைத்தார். கரைச்சரிவில் மண்வெட்டியோடு நின்ற சவுரிராயன் வாயைத் திறந்தான்.

"ஏரி ரொம்பினா இப்பவே எங்க தெருவுல முழங்கால் தண்ணி. ஓரடி ஏத்தினா இடுப்பளவு நிக்கும் சாமி. கெழக்கால கரையும் தாங்காது. தெனமும் அதுமேல நடந்துகினு இருக்கறவன் சொல்றேன்."

கையை நீட்டிக் கரை கசியும் இடத்தையும் காட்டினான். ஓவர்சியர் எதையோ எழுதிக்கொண்டார்.

அவருடைய வண்டி கண்ணுக்கு மறைந்ததும் இரண்டு பேர் சவுரிராயனைக் கீழே தள்ளி அமுக்கினார்கள். அவனுடைய மண்வெட்டியையே சக்கரபாணி வாங்கிக்கொண்டார்.

"எந்தக் கையிடா காட்டிச்சி?"

காம்பு மூன்று முறை இறங்கியது. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. லூர்துமேரி அவனைத் தோளில் சாய்த்து நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவன் கரையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். கை ஆறியது, விரல்கள் மடங்கவில்லை.

ஆவணியில் கொத்தனார்கள் வந்து சுவரை உயர்த்தினார்கள். ஊரார் ஏகமனதாகச் சம்மதித்ததாகக் காகிதத்தில் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

ஐப்பசியில் மழை ஐந்து நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் விடியும்போது சேரிக்குள் ஏரி நின்றது. பக்கத்துக் குடிசைச் சின்னக்கண்ணு, கூரைமேல் ஆட்டை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தூளி வெறுமையாகத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அவனுடைய ஒரு வயதுப் பெண் குழந்தை. வேலிமுள்ளில் சிக்கியிருந்ததை லூர்துமேரிதான் எடுத்து வந்தாள். அதைத் தாயின் மடியில் வைத்துவிட்டு, கடப்பாரையைத் தூக்கிக்கொண்டாள். சவுரிராயன், சின்னக்கண்ணு, இன்னும் எட்டுப் பேர் பின்னால் வந்தார்கள்.

கலங்கலில் சக்கரபாணியின் ஆட்கள் தடியும் அரிவாளுமாகக் காவல் நின்றார்கள். அவரும் குடையோடு நின்றார்.

"சுவத்துல கை வெச்சா ஒருத்தனும் உசிரோட போவ மாட்டீங்க" என்றார்.

"கொழந்த செத்துப் போச்சி ஆண்டே" என்றான் சவுரிராயன். "வழி விடுங்க."

அவன் நல்ல கையால் ஒரு செங்கல்லைப் பிடித்து இழுத்தான். பின்னாலிருந்து ஓர் அரிவாள் கழுத்தில் விழுந்தது. சத்தமில்லாமல் மண்டியிட்டு, அப்படியே தண்ணீரில் கவிழ்ந்தான். அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று எவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. சின்னக்கண்ணு ஒருவன் காதைக் கடித்துத் துப்பினான். இரண்டு மண்டைகள் பிளந்தன. லூர்துமேரி வீசிய கடப்பாரை சக்கரபாணியின் முழங்காலைத் தூளாக்கியது. சேற்றில் கிடந்த அவர் தலைக்கு மேல் அதை மறுபடியும் ஓங்கினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் திரும்பிச் சுவரில் குத்தினாள். மறுபடி மறுபடி குத்தினாள். செங்கல் பெயர்ந்து தண்ணீர் பிய்த்துக்கொண்டு போனபோது புருஷனின் உடலையும் அதுவே இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் ஓடைப் புதரில்தான் கிடைத்தான்.

திண்டிவனத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். சேரிக்காரர்களையும் கரைமேல் ஏறி நிற்கச் சொன்னார். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்ற லூர்துமேரியிடம், சர்க்கார் சுவரை இடித்தது குற்றமென்று தெரியுமா என்று கேட்டார்.

"தெரியுங்க. கேக்க வந்தப்ப சொன்னோம். சொன்னவன் கைய ஒடச்சாங்க. இடிக்கறதத் தவுர எங்களுக்கு வேற என்னா வழி இருந்திச்சி?"

அதிகாரி கிழக்குக் கரைக்கு நடந்து போய்ப் பார்த்தார். பத்து முழ நீளத்துக்குக் கரை பாதி சரிந்திருந்தது. அதற்கு நேர் கீழே ஊர்த்தெரு.

அரிவாள் வீசியவனுக்கு ஆயுள் தண்டனை. சக்கரபாணிக்கு எதிராக ஒரு சாட்சியும் தேறவில்லை. லூர்துமேரிக்கு இரண்டு வருஷம். சித்திரையில் சின்னக்கண்ணு வேலூர் ஜெயிலுக்கு வந்து அவளைப் பார்த்தான். கலங்கலைப் பழைய மட்டத்துக்கே கட்டச் சொல்லி உத்தரவு வந்துவிட்டதாம். வேலை தொடங்கிய அன்று சக்கரபாணியின் ஆட்கள் கொத்தனார்களை அடித்து விரட்டினார்களாம். இப்போது போலீஸ் காவலோடு கட்டுகிறார்களாம்.

"நீ தெனம் போய் நின்னு பாரு" என்றாள் அவள். "ஒரு செங்கல் வரி கூட ஏத்த விடாத."

அவன் தலையாட்டினான். நெற்றியில் புதிதாக ஒரு தையல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.